பேட்டையும் மகமையும்: போட்டிக்கு வரம்பு கட்டிய ஒரு வழக்கத்தின் வரலாறு

மதுரை மாநகரை விட்டு மேற்கே தேனியை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், நகரத்தின் ஆரவாரம் சற்றே அடங்கும் இடத்தில், நீண்டு கிடக்கும் குன்றுத் தொடர் ஒன்றின் அடிவாரத்திலே நாகமலை புதுக்கோட்டை அமைந்திருக்கிறது. சமணர் ஏவிய நாகத்தைச் சொக்கநாதப் பெருமானின் திருவருளால் பாண்டியன் அம்பெய்து வீழ்த்தினான் என்று திருவிளையாடற் புராணம் கூறும். அந்த நாகமே இம்மலையாகக் கிடக்கிறது என்பது ஊரார் நம்பிக்கை. அருகே கீழக்குயில்குடியை ஒட்டிய சமணர் மலையிலோ, அச்சமணர் செதுக்குவித்த தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துச் சாசனங்களும் இன்றும் காணக் கிடைக்கின்றன. புராணமும் சரித்திரமும் இவ்வாறு அருகருகே குடியிருக்கும் இவ்வட்டாரத்துக்கு, 1960களில் கல்விக்குரிய இடம் என்ற கீர்த்தியும் வந்து சேர்ந்தது. நாடார் மகாஜன சங்கம் நிறுவிய எஸ். வெள்ளைச்சாமி நாடார் கல்லூரி நாகமலையில் எழுந்தது. 1966இல் தோன்றிப் பிற்காலத்தில் காமராசர் பெயரைத் தாங்கிய மதுரைப் பல்கலைக்கழகம் அதே சாலையில் சற்று மேற்கே தன் வளாகத்தை அமைத்துக்கொண்டது.

அக்கல்லூரியின் வாசலில் நிற்பவர்கள் அதை ஒரு சமூகத்தாரின் தர்ம ஸ்தாபனம் என்று மட்டுமே எண்ணிச் செல்வது சகஜம். ஆனால் அந்தத் தர்மத்தின் மூலத்தைத் தேடிச் சென்றால், நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்னே மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடைப்பட்ட கரிசல் வெளியில் மாட்டு வண்டியும் பொதிமாடுமாகச் சரக்கு ஏற்றிச் சென்ற வியாபாரிகள், தமக்குள் கடுமையாகப் போட்டியிட்டுக்கொண்டே, தம் அனைவருக்கும் பொதுவாக ஒரு ஏற்பாட்டைச் செய்துகொண்ட விசேஷமான வரலாறு நமக்குப் புலப்படும். அந்த ஏற்பாட்டுக்கு இரண்டு உறுப்புகள். சரக்கும் வண்டியும் இராத் தங்கும் மதில் சூழ்ந்த இடமாகிய பேட்டை ஒன்று. அப்பேட்டையைத் தாங்கி நிறுத்திய பொது நிதியாகிய மகமை மற்றொன்று.

சரக்கை எங்கே கொள்முதல் செய்வது, எங்கே இருப்பு வைப்பது, எவ்வழியாக எப்போது அனுப்புவது, இவற்றையெல்லாம் எதிர்க்கடைக்காரனும் இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறான் என்பதை மறவாமல் எப்படித் தீர்மானிப்பது என்ற கேள்விக்கு இன்று வினியோகச் சங்கிலித் திட்டமிடல் என்று பெயரிட்டு, உத்தம அளவைக் காணும் கணிதத்தையும் விளையாட்டுக் கோட்பாட்டையும் துணைக்கொண்டு பேரறிஞர்கள் ஆராய்கிறார்கள். பெயர் புதிது, கேள்வி பழையது. அந்தப் பழைய கேள்விக்கு நம் சமவெளி அளித்த விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1801ஆம் ஆண்டு பாளையக்காரர் யுத்தங்கள் முடிவுற்று, கோட்டைகள் இடிக்கப்பட்டு, கர்நாடகம் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் நேர் ஆட்சிக்குள் வந்தபின், தென்பாண்டி நாட்டின் வழிகள் முன்னைவிட வர்த்தகத்துக்குத் திறந்தன. திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலே பனைமரங்களைத் தவிர வேறொன்றும் செழிக்காத தேரி நிலங்களில் வாழ்ந்த நாடார் குலத்தவருள் சிலர், கருப்பட்டியும் கருவாடும் உப்பும் ஏற்றிக்கொண்டு வடக்கே வரத் தொடங்கினர். திரும்பும்போது பருத்தியும் புகையிலையும் தானியமும் கொண்டு சென்றனர். காலப்போக்கில் சிவகாசி, சாத்தூர், 1923 வரை விருதுபட்டி என்று வழங்கிய விருதுநகர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர்களில் அவர்கள் நிலைகொண்டனர். வரைபடத்தை விரித்து இவ்வூர்களைப் பார்ப்போருக்கு ஓர் உண்மை உடனே விளங்கும். மதுரையிலிருந்து திருமங்கலம் சுமார் 20 கிலோமீட்டர். அங்கிருந்து விருதுநகர் ஏறக்குறைய 30. விருதுநகரிலிருந்து சாத்தூரும் சிவகாசியும் அருப்புக்கோட்டையும் அதற்கும் குறைந்த தூரத்தில் உள்ளவை. பாரம் ஏற்றிய வண்டி ஒரு பகலில் கடக்கக்கூடிய தூரம் எதுவோ, அதுவே ஊருக்கும் ஊருக்கும் இடைவெளியாக அமைந்தது. கிடங்கை எங்கே வைப்பது என்னும் கணக்கை, எழுதுகோல் எடுக்காமலே, மாட்டின் கால் வலிமையை அளவுகோலாகக் கொண்டு அவர்கள் போட்டு முடித்துவிட்டனர்.

இனி, பேட்டையை அருகே சென்று காண்போம். ஊரின் ஓரத்தில் உயர்ந்த மதில். அதற்குப் பெரிய வாசல் ஒன்று. உள்ளே கிணறு, மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி, வண்டிகளை அவிழ்த்து விட விசாலமான முற்றம், சுற்றிலும் சரக்கு அடுக்கும் கொட்டடிகளும் கடைகளும். வண்டி உள்ளே நுழையும்போதே பொதிகளை எண்ணி ஏட்டில் பதிந்துகொள்ளக் கணக்கர் காத்திருப்பார். நெடுவழியில் கொள்ளைக்கு அஞ்சியவனுக்கும், ஊருக்குள் தனக்கு இடந்தர மறுத்த சாதிக் கொடுமைக்கு ஆளானவனுக்கும் அந்த மதில் ஒன்றே அரண். 1899இல் நாடார்களுக்கு எதிராகச் சிவகாசியில் மூண்ட பெருங்கலகத்தை எண்ணிப் பார்ப்பவர்கள், அவ்வச்சம் வீண் பீதியன்று என்பதை அறிவார்கள். மாலையில் வந்து சேர்ந்த வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்து, நீர் காட்டி, வைக்கோலைப் பிரித்துப் போட்டுவிட்டு, தன் சரக்குக்கு இன்னொருவன் காவல் இருக்கிறான் என்ற நம்பிக்கையுடன் கண்ணயர்ந்தான் என்றால், அந்த நிம்மதியும் அவன் கொண்டுவந்த சரக்கின் விலையில் ஒரு பகுதியே ஆகும்.

இந்த மதிலுக்குள் தங்கியவர்கள் அனைவரும் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. இன்று ஒரே கூரையின்கீழ்ப் படுத்திருக்கும் இருவர், நாளைக் காலையில் ஒரே மண்டியில் ஒரே வகைப் புகையிலைக்கு விலை கேட்பவர்கள். விலையைப் பிறர் அறியாமல் காப்பதில் நம் நாட்டு வியாபாரிக்கு உள்ள எச்சரிக்கை பிரசித்தமானது. மாட்டுத் தாவணிகளிலே தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, தம் கையையும் வாங்குவோர் கையையும் மூடி, விரல்களைப் பற்றும் எண்ணிக்கையாலேயே நூறும் பத்தும் குறித்து விலை பேசுவதை இன்றும் காணலாம்; சுற்றி நிற்போர் முகத்தைப் பார்ப்பார்களே தவிர, எண்ணை அறியார். தான் அறிந்தது எதிரிக்குத் தெரியாதிருப்பதும் ஒரு மூலதனம் என்னும் நுட்பத்தை, தகவல் குறைந்த ஆட்டங்களைப் பற்றிய நூல்கள் எழுதப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே அத்துண்டு அறிந்திருந்தது.

விலையில் இத்தனை ஒளிவு மறைவு கொண்டவர்கள், மதிலும் கிணறும் காவலும் ஆகியவற்றில் மட்டும் ஒளிவின்றி ஒன்றுபட்டது எவ்வாறு? இதற்கு விடையாக வந்ததே மகமை. பேட்டைக்கு வரும் சரக்கின் மீது மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை வாங்கிப் பொது நிதியில் சேர்த்தார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிக்காமல், சரக்கின் அளவுக்கு ஏற்பப் பிரித்ததிலேதான் இவ்வழக்கத்தின் உயிர்நாடி இருக்கிறது.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். பெரிய வியாபாரி ஒருவர், சிறிய வியாபாரி ஒருவர். முன்னவருக்கு முப்பது வண்டிச் சரக்கு, பின்னவருக்குப் பத்து வண்டி என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே கொட்டடியும் காவலும் அமைத்தால் பெரியவருக்கு நூறு ரூபாயும் சிறியவருக்கு ஐம்பது ரூபாயும் செலவாகும். சேர்ந்து அமைத்தால் நூற்றிருபது போதும் என்று கொள்வோம். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு அறுபது. தனியே ஐம்பதில் முடித்துக்கொள்ளக் கூடிய சிறியவர் எழுந்து போய்விடுவார். கூட்டு அன்றே கலைந்துவிடும். வண்டிக் கணக்கில் பிரித்தால் பெரியவர் பங்கு தொண்ணூறு, சிறியவர் பங்கு முப்பது. இருவருக்கும் தனிவழியைவிட மிச்சம் உண்டு. ஆகவே இருவரும் தங்குவார்கள். லாயிட் ஷேப்லி என்னும் அமெரிக்க அறிஞர், கூட்டாகச் செய்த காரியத்தின் பயனையும் செலவையும் நியாயமாகப் பங்கிடும் சூத்திரம் ஒன்றை 1953இல் வெளியிட்டார். அதன்படி இவ்விருவரின் பங்கைக் கணித்தால் எண்பத்தைந்தும் முப்பத்தைந்தும் வருகின்றன. மகமை காட்டிய தொகைக்கும் சூத்திரம் காட்டும் தொகைக்கும் உள்ள வேற்றுமை ஐந்தே ரூபாய். நிலையான ஒதுக்கீடுகளைப் பற்றிய வேறோர் ஆராய்ச்சிக்காக ஷேப்லி 2012இல் நோபல் பரிசு பெற்றார். விருதுபட்டியின் கணக்கரோ, மூட்டைகளை எண்ணியே, பங்கீட்டுச் சூத்திரம் காட்டும் நியாயத்தின் அருகே வந்து நின்றிருந்தார்.

எனினும் நியாயமான பங்கீடு மட்டும் கூட்டைக் காத்துவிடாது. மதிலின் நிழல் பொதுவாகக் கிடைக்கும்போது, மகமை கொடாமலே அதில் ஒதுங்கலாமே என்னும் ஆசை எவனுக்கும் எழக்கூடும். ஒருவன் ஏய்த்தால் அடுத்தவனும் ஏய்ப்பான். அப்புறம் காவல்காரனுக்குக் கூலி கொடுக்க நாதி இராது. அவரவர் தம் லாபத்தை மட்டும் நாடி, அதன் விளைவாக எல்லோரும் நஷ்டத்தில் போய் முடியும் இந்நிலையை, 1950இல் ஆல்பர்ட் டக்கர் என்னும் கணிதப் பேராசிரியர் இரு கைதிகளின் கதையாகக் கூறி உலகறியச் செய்தார். ஆறு ஊர்களின் வணிகர்கள் இதற்குக் கண்ட பரிகாரம் உறவின்முறை. குடும்பத் தலைவர்கள் கூடிய அந்தச் சபை மகமையை வசூலித்தது, கணக்கைப் பரிசோதித்தது, வழக்குகளைத் தீர்த்தது, கட்டுப்பாட்டை மீறியவருக்குத் தண்டம் விதித்தது. ஒரே ஒரு முறை சந்தித்துப் பிரிபவர்களுக்கு ஏய்ப்பது லாபமாகத் தோன்றலாம். ஆண்டு முழுவதும் அதே பேட்டையில் தங்கி, அதே குடும்பங்களில் பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்பவனுக்கு, இன்றைய ஏய்ப்பின் லாபம் நாளைய மானக்கேட்டின் முன் மிகச் சிறிது. பொதுச் சொத்துகளை மக்கள் தாமே வகுத்த விதிகளாலும் கண்காணிப்பாலும் படிப்படியான தண்டனையாலும் காக்க முடியும் என்று நிலைநாட்டிய எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையார் 2009இல் நோபல் பரிசு பெற்றபோது பாராட்டப்பெற்ற தத்துவம் இதுவே.

பேட்டையைக் காத்ததுபோக எஞ்சிய நிதி எங்கே சென்றது என்பது, இவ்வரலாற்றின் மிக உன்னதமான அத்தியாயம். கிணறுகளும் கோயில்களும் எழுந்தன. 1889இல் விருதுபட்டியில் க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றியது. 1910இல் நாடார் மகாஜன சங்கம் பிறந்தது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி நிறுவப்பட்டு, 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. நாகமலைக் கல்லூரி இந்த நீண்ட வம்சத்தின் ஒரு கிளை. மதுரைக் கீழமாசி வீதியின் மொத்தக் கடைகளில் எழுதப்படும் பற்றுச்சீட்டில், சரக்கின் விலைக்குக் கீழே ‘மகமை’ என்று ஒரு வரி தனியே நிற்பதுண்டு; அந்த ஒரு வரிக்குள் பேட்டையின் மதிலும் பள்ளிக்கூடத்தின் சுவரும் சேர்ந்து அடங்கியிருக்கின்றன.

1875இல் மதுரைக்கும், 1876இன் தொடக்கத்தில் தூத்துக்குடிக்கும் ரயில் வந்து சேர்ந்தபின், வண்டிப் பேட்டையின் ஆதிக்கம் குன்றியது. மாட்டின் கால் வகுத்த தூரங்களை நீராவி அழித்து எழுதியது. அவ்வேளையில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி சகோதரர்கள் தம் நூற்பாலைகளுக்கு இடம் தேர்ந்த விதம், திட்டமிடல் பயில்வோர் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. முதல் ஆலையைத் தாமிரபரணியின் அருவி நீர் சக்தி தரும் பாபநாசத்தில் அமைத்தார்கள். அடுத்ததைக் கப்பல் துறையாகிய தூத்துக்குடியில் வைத்தார்கள். பின்னர், நூலை ஆவலோடு வாங்கும் கைத்தறி நெசவாளர் நிறைந்த மதுரையில், ரயிலடியை ஒட்டியே ஆலை எழுப்பினார்கள். ஒன்று சக்திக்காக, ஒன்று துறைமுகத்துக்காக, ஒன்று சந்தைக்காக. திருப்பரங்குன்றத்தை அடுத்த ஹார்விபட்டி, தொழிலாளருக்காக அவர்கள் எழுப்பிய குடியிருப்பின் ஞாபகமாக அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. 1928இல் போடிநாயக்கனூர் வரை மீட்டர் பாதை ரயில் போடப்பட்டபோது, கம்பம் பள்ளத்தாக்கின் விளைபொருளும் ஏலமலைச் சரக்கும் நாகமலைப் பக்கமாக ரயிலேறி மதுரைக்கு வந்தன.

ரயிலும் ஆலையும் வருவதற்கு முன்னும் பின்னும், பருத்தி வர்த்தகத்தில் பேட்டைக்காரர் வகுத்த வரம்பைப் போன்ற ஒன்று நெடுநாள் இல்லாமற் போயிற்று. அதன் பலனையும் நாடு அனுபவித்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தால் இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் பஞ்சு கிடையாமல் போனபோது, இந்தியப் பருத்தியின் விலை வானளாவ உயர்ந்தது. விலை ஏற ஏற, எடை கூட்டத் தண்ணீர் தெளிப்பதும், நல்ல கருங்கண்ணிப் பருத்தியுடன் தாழ்ந்த ரகங்களைக் கலப்பதும் பரவின. பிற்காலத்தில் புளிச்சை என்னும் மட்டப் பருத்தியைக் கலக்கும் தீமையும் தலையெடுத்தது. தனி ஒருவன் கலப்படம் செய்தால் அவனுக்கு லாபம். எல்லோரும் செய்தால் திருநெல்வேலிப் பஞ்சு என்ற பெயருக்கே விலை இறக்கம். யோக்கியன் தன் சுத்தமான சரக்குக்கும் கலப்படச் சரக்கின் விலையையே பெற்றான்; ஆகவே யோக்கியனாக இருக்கும் ஊக்கமும் குன்றியது. சரக்கின் சுத்தம் பேட்டையின் மதிலைப் போலப் பொதுச் சொத்து என்பதை உணர்ந்து காக்கும் சபை அங்கே இல்லாமையால், சர்க்காரே குறுக்கிட நேர்ந்தது. ஒரு வட்டாரப் பஞ்சை மற்றொரு வட்டாரத்துக்குக் கொண்டு சென்று கலப்பதைத் தடுக்க 1923இல் பருத்திப் போக்குவரத்துச் சட்டம் வந்தது. எடையும் தரகும் ஒழுங்குபெற 1933இல் சென்னை மாகாண வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1936இல் திருப்பூரில் பருத்திக்கு ஒழுங்குமுறைச் சந்தை திறக்கப்பட்டது.

போட்டியில் வரம்பே இல்லாவிடின் என்ன நேரும் என்பதற்குத் தூத்துக்குடிக் கடல் மற்றோர் உதாரணம். 1906இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை பத்து லட்ச ரூபாய் மூலதனத்தை இலக்காகக் கொண்டு சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தபோது, மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவராக அமர்ந்தார். எதிரே நின்ற பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கொழும்புப் பிரயாணக் கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்க, சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறக்கியது. முன்னது இலவசமாகவே ஏற்றிச் செல்லவும், கூடவே குடை கொடுக்கவும் முன்வந்தது. உலகளாவிய செல்வத்தின் பலத்தில் நஷ்டத்தைத் தாங்க வல்லவனுக்கு அது யுக்தி; மக்களின் பங்குப் பணத்தில் நடப்பவனுக்கு அதுவே மரணம். 1908இல் சிதம்பரம் பிள்ளை சிறைப்பட்டார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. எதிரியின் செலவைக் காட்டிலும் எதிரியின் பொறுமையை அளப்பதே கடினம் என்பதையும், ஆட்சியாளர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட ஆட்டத்தில் எந்தக் கணக்கும் நியாயமாக முடியாது என்பதையும் தமிழ் நாடு பெருவிலை கொடுத்துக் கற்றது.

இவ்வனுபவங்களின் பின்னணியிலே மேனாட்டுச் சாஸ்திரத்தை நோக்குவோம். ஒரே சரக்கை விற்கும் இருவர், ஒருவர் அளவை மற்றவர் கருதித் தம் அளவை எங்ஙனம் தீர்மானிப்பர் என்று 1838இலேயே பிரெஞ்சு அறிஞர் கூர்னோ எழுதினார். சோவியத் நாட்டில் கான்டொரோவிச் 1939இலும், அமெரிக்காவில் டான்சிக் 1947இலும் குறைந்த செலவில் நிறைந்த பயன் காணும் நேரியல் திட்டமிடலை வகுத்தார்கள். நாய்மனும் மார்கன்ஸ்டெர்னும் 1944இல் விளையாட்டுக் கோட்பாட்டுக்குப் பெருநூல் இயற்றினர். எவரும் தனித்து மாறுவதால் பயன் பெற இயலாத சமநிலையை 1950இல் நாஷ் நிறுவினார். திருவள்ளுவரோ வலியறிதல் அதிகாரத்தில், செய்யும் காரியத்தின் வலிமையுடன் தன் வலிமை, மாற்றான் வலிமை, துணைவரின் வலிமை ஆகியவற்றையும் சேர்த்து எடை போடுமாறு அரசனுக்கு உபதேசித்தார். முதல் இரண்டையும் டான்சிக்கின் கணிதம் அளக்கும். மூன்றாவதை நாஷின் சமநிலை அளக்கும். நான்காவதாகிய துணையை அளப்பது ஷேப்லியின் பங்கீடு. இந்த நான்காவதை முதலில் வைத்துத் தொடங்கியதே ஆறு ஊர் வணிகரின் தனிச்சிறப்பு. எதில் போட்டியிடுவது, எதைப் பொதுவில் வைப்பது என்பதைத் தீர்மானித்த பின்னரே அவர்கள் வியாபாரத்தில் இறங்கினார்கள். விலையும் வாடிக்கையும் சாமர்த்தியமும் அவரவருடையவை. வழியும் காவலும் தண்ணீரும் கல்வியும் அனைவருடையவை. இந்தப் பிரிவினை சரியாக அமைந்தால் போட்டி நாட்டை வளர்க்கிறது. அமையாவிடின் கலப்படமாகவும் கழுத்தறுப்பாகவும் முடிகிறது.

இவ்வழக்கத்தின் குறையையும் மறைத்தல் தகாது. பேட்டையின் மதில் உள்ளே இருந்தவர்களைக் காத்தது போலவே, வெளியே இருந்தவர்களை விலக்கியும் வைத்தது. ஒரே குலத்தார் என்ற நம்பிக்கையின் மீது எழுந்த கூட்டு ஆதலால், அதன் பலன் முதலில் குலத்தின் எல்லையோடு நின்றது. வணிகருக்குக் கிடைத்த அரண், அவர்களுக்குப் பருத்தி விற்ற கரிசல் விவசாயிக்குக் கிடைக்கவில்லை. ஒடுக்கப்பட்டவர்கள் தம்மைக் காத்துக்கொள்ள அமைத்த மதில் என்பதனால் அது மன்னிக்கத்தக்கது. ஆயினும் அந்த மதிலைக் கடந்து, மகமையால் எழுந்த பள்ளிகளும் கல்லூரிகளும் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தபோதுதான் அவ்வழக்கம் தன் பூரணத்துவத்தை அடைந்தது என்று துணிந்து கூறலாம்.

இன்று திருமங்கலத்துக்கு அருகே கப்பலூர்த் தொழிற்பேட்டையின் முன் லாரிகள் வரிசை கட்டுகின்றன; ‘பேட்டை’ என்ற சொல் மட்டும் இடம் மாறி அங்கே வாழ்கிறது. தனித்தனிக் கிடங்கு கட்டி, தனித்தனி லாரியைப் பாதி பாரத்தோடு ஓட்டி, திரும்புகாலில் வெறுமையாக வந்து, அச்செலவையெல்லாம் விவசாயியிடமும் வாங்குவோரிடமும் சுமத்தும் நிறுவனங்கள் நம்மிடையே பல. அவர்களுக்கும், அவர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் நிபுணர்களுக்கும், பொதுக் கிடங்கும் பொதுக் காவலும் பாரத்துக்கேற்ற பங்கீடும் கற்பனைக் கதைகளல்ல, இம்மண்ணில் நூறாண்டுக்கு மேல் நடத்திக் காட்டப்பட்டவை என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியது அவசியம். உறவின்முறைகளின் பழைய மகமைக் கணக்கேடுகள் கரையானுக்கு இரையாகுமுன் அவற்றைத் தேடித் தொகுத்து, எந்தச் சரக்குக்கு எவ்வளவு, எந்த ஆண்டில் ஏன் மாறியது, ஏய்த்தவனுக்கு என்ன தண்டம் என்று வரிவரியாக ஆராயும் பணியை, நாகமலையின் கல்லூரியும் அதை அடுத்த பல்கலைக்கழகமும் ஏற்றுக்கொள்ளுமாயின், கணிதம் பயிலும் மாணவருக்கு அதைவிடச் சிறந்த பாடநூல் இராது. மகமை என்னும் அவ்வழக்கத்துக்கு அவ்விரு ஸ்தாபனங்களும் நம் சமவெளியும் செலுத்தும் தகுந்த கடனும் அதுவேயாகும்.